விரல் தூக்கிய பிள்ளை

இண்டூர் சவுரியப்பனுக்கு டாக்டர் மேலும் நம்பிக்கை கிடையாது, மெசின் மேலும் கிடையாது. ஆனால் மகள் ஆரோக்கியத்தைச் செவிடர் பள்ளியில் சேர்க்க, காது கேளாது என்று சர்டிபிகேட் கேட்டார்கள். வேறு வழியில்லாமல் மனைவி மிக்கேலம்மாளோடு தருமபுரியில் நடந்த சர்டிபிகேட் முகாமுக்குப் பிள்ளையைக் கூட்டி வந்தான்.

பிள்ளை பிறவிச் செவிடு. பூசையில் எல்லாரும் முழங்கால் போடும்போது இவள் மட்டும் மரமாக நிற்பாளே என்று, மிக்கேலம்மாள் தன் முகத்தையே பார்க்கப் பழக்கியிருந்தாள். அம்மா புருவத்தைத் தூக்கினால் போதும், பிள்ளை செய்ய வேண்டியதைச் சட்டென்று செய்துவிடும்.

காது சோதிக்கும் முகாம்காரர் பிள்ளையின் காதில் கருவியை மாட்டி எதிரே உட்கார்ந்தார். சத்தம் கேட்டால் விரலைத் தூக்கு என்று சைகையில் காட்டினார். அவர் பொத்தானை அமுக்க அமுக்க, பிள்ளையின் விரல் தவறாமல் எழும்பியது.

"யோவ், காது நல்லாத்தான்யா கேக்குது."

"உங்க கையப் பாத்துத் தூக்குதுங்க சார். மெசினப் பாக்கறீங்களே, புள்ள கண்ணு எங்க போவுதுன்னு பாத்தீங்களா?" என்றான் சவுரியப்பன்.

"எனக்கே பாடம் நடத்தறியா?"

"திருப்பி உக்கார வச்சுப் பாருங்க. அப்பறம் பேசுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பினார். இப்போது பிள்ளைக்கு நேர் எதிரே, சுவரோரம் மிக்கேலம்மாள்.

முதல் தடவை பிள்ளை அசையவில்லை. சவுரியப்பனுக்கு மூச்சு வந்தது. இரண்டாவது தடவையும் அசையவில்லை. "ஏய்!" என்று முகாம்காரர் மேசையைத் தட்டினார்.

மிக்கேலம்மாள் பதறிவிட்டாள். பிள்ளையை அடித்துவிடுவாரோ என்ற பயம். அடுத்து அவர் கை பொத்தானுக்குப் போனதும், அவள் புருவம் தானாக ஏறியது. விரல் எழும்பியது. அதற்கப்புறம் ஒன்றும் தப்பவில்லை.

"பாத்தியா? சர்டிபிகேட்டுக்காகப் பொய் சொல்ல வந்துட்டீங்க. அடுத்த ஆளு!"

வாசலில் மிக்கேலம்மாள் அழுதாள். "திட்டுவாருன்னு பயந்துட்டேங்க. நான் வேணும்னு செய்யலீங்க."

"அட பாவி! நம்ம கையால நாமளே கெடுத்துட்டமே" என்றான் சவுரியப்பன்.

பிள்ளை அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தது. ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டி, சரியாகச் செய்தேனா என்று முகத்தைப் பார்த்தது. சவுரியப்பன் தலையை ஆட்டினான். பிள்ளை சிரித்தது.