மலைச்சுற்றுக் கால்வலி

மரமில்லின் பின்கேட்டில் தொடங்கி, காடடர்ந்த பள்ளத்தாக்குகளையும் குன்றுகளையும் வளைத்துக்கொண்டு அதே மில்லின் முன்கேட்டில் வந்து முடிகிற பாதையில் நடந்தால் வரும் கால்வலி, நடந்தவருக்கு வராது. கிளம்பும்போது யாரோடு சண்டை போட்டுவிட்டுப் போனாரோ அவருக்கு வரும். சமாதானமாகிவிட்டால் மிச்ச வலி நடந்தவரிடமே திரும்பிவிடும். ஊரில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதைப் போல ஒரு விஷயம், அவ்வளவுதான். கூலிப் பேச்சு இழுபறியான ஒரு வருடம், லோடு ஏற்றும் ஆட்கள் மொத்தமாகப் போய் முதலாளியைத் திட்டிவிட்டு மலையைச் சுற்றினார்கள். மறுநாள் அவரை நாற்காலியோடு தூக்கிவந்துதான் பேச்சுவார்த்தைக்கு உட்காரவைக்க வேண்டியிருந்தது. கூலி கூடியது. மாமியாரும் மருமகளும் உள்ள வீடுகளில், முதலில் செருப்பை மாட்டுவது யார் என்பதுதான் போட்டி.

அந்த லோடு ஆட்களில் ஒருவனுக்கு ஒத்தையாள் என்று பெயர். நாலு பேர் தூக்க வேண்டிய மரத்தடியைக்கூட, "தள்ளுங்கடா, ஒத்த ஆளாத் தூக்கிடுவேன்" என்று தோள் கொடுப்பான். ஒருநாள் லாரியில் இருந்து உருண்ட தடி அவன் முதுகில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே அவனுக்கென்று எதுவும் இல்லாமல் போயிற்று. முன்னறை ஜன்னலோரம் கட்டிலைப் போட்டார்கள். எதிர்ச்சுவரோரம் மனைவியின் தையல் மிஷின். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். ஒருமுறை அவளுடைய இஸ்திரிப் பெட்டி சரிந்து அவன் காலில் விழுந்தது. தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. அதன்பின் அவன் வாயில் நல்ல வார்த்தை வருவது நின்றுபோனது.

டீ ஆறிப்போனது என்று டம்ளரை விட்டெறிந்த நாளில், "செத்த காலை வச்சிக்கிட்டு அதிகாரம் மட்டும் குறையல" என்று அவள் சொல்லிவிட்டாள். சொன்ன வாய் அவளுக்கே கூசியது. ஆனாலும் விழுங்கிய சோற்றைத் துப்பலாம், துப்பிய வார்த்தையை விழுங்க முடியுமா? வெளியே கிளம்பிவிட்டாள். கோபித்துக்கொண்டு போக அவளுக்குத் தாய்வீடு இல்லை. எங்கே போனாலும் கடைசியில் வீட்டுப்பக்கமே கொண்டுவந்து விடுகிற பாதை அந்த மலைச்சுற்று ஒன்றுதான். மதியத்துக்கு முன்பே அவன் பாதம் இரண்டும் ஜில்லென்று ஆயின. போர்வையை விலக்கிப் பார்த்தான்; கால் காய்ந்துதான் கிடந்தது. பிறகு கெண்டைக்கால் இழுத்தது. பிறகு தொடை. பொழுது சாய அவள் உள்ளே வந்தபோது அந்த முரட்டு ஆள் சின்னப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தான்.

"வலிக்குதுடி. ரெண்டு காலும் வலிக்குதுடி!"

அதிலிருந்து லீவு நாள்தோறும் அவர்கள் சண்டை போட்டார்கள், அவள் மலையைச் சுற்றினாள். படுத்தபடியே அவன் முழுப்பாதையையும் படித்துவிட்டான். ஓடை வந்தால் குளிரும். முதல் ஏற்றத்தில் கெண்டைக்கால் முடிச்சுப்போடும். உச்சிக்காட்டில் சருகு மெத்தையால் கொஞ்சம் இதம். இறக்கத்தில் பெருவிரல் செருப்பின் முனையில் முட்டும். பலகைப் பாலத்தில் உள்ளங்கால் அதிரும். தடி சுமந்த காலத்தில் அவன் அந்தப் பக்கம் போனதே இல்லை. உழைத்துத் தேய்ந்த காலை எவனாவது சும்மா நடக்கவிடுவானா?

சிக்கல் வேறு வழியில் வந்தது. வலி வந்த சந்தோஷத்தில் அவனுக்குக் கோபம் குறைந்தது, அவளுக்கும் பேச்சு இனித்தது. சண்டைக்கு விஷயம் கிடைக்காமல் புருஷனும் பெண்டாட்டியும் திண்டாடினார்கள்.

"கொழம்பு வாயில வைக்க வெளங்கலன்னு சொல்லுய்யா."

"நல்லாத்தான இருந்துச்சு?"

"சும்மா சொல்லு."

சொன்னான். பொய்ச் சண்டை மலையில் செல்லவில்லை. அவள் தன் வலியோடு நொண்டிக்கொண்டு வந்தாள். அவன் அன்று முழுக்க அடுத்தவன் காலைப் பார்ப்பது போலத் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிஜச் சண்டை மழைக்காலத்தில் வந்தது. பாதை வழுக்கும், போகாதே என்றான்.

"உனக்காகத்தான்யா போறேன்."

"எனக்கு ஒரு எழவும் வேணாம். ஒக்காருடி."

"உன்னாட்டம் நானும் கெடக்கணுமா?"

கதவை அறைந்த அறையில் மிஷின் மேலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

ஓடை வந்தது, ஏற்றம் வந்தது, சருகு வந்தது. கடைசி இறக்கத்தில் அவன் வலது கணுக்காலில் ஏதோ ஒடிந்தது. அவன் கத்திய கத்தலில் தெருவே எட்டிப்பார்த்தது. விழுந்துவிட்டாள், இனி உட்கார்ந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தான். ஆனால் அடுத்த அடி வந்தது. அதற்கடுத்த அடியும் வந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வலிதான் இங்கே இருக்கிறதே, அவளுக்கு என்ன தெரியும்? ஒடிந்த எலும்பின் மேல் அவள் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறாள். இப்படியே வீடுவரை நடந்தால் அந்தக் கால் உதவாது. அப்புறம் மிஷினை எதை வைத்து மிதிப்பாள்? இந்த வீட்டுக்குச் செத்த கால் இரண்டு போதாதா?

கத்தல் கேட்டு வந்த அவளுடைய தம்பி, மில்லில் ரம்பம் ஓட்டுபவன், விஷயம் தெரிந்ததும் ஆட்களோடு பின்கேட்டுக்கு ஓடப் பார்த்தான். போனவளைப் பின்னாலேயே போய்த்தானே பிடிக்க வேண்டும் என்பது அவன் கணக்கு.

"மச்சான், பின்னாடி போனா அவ நடந்துக்கிட்டேதான்டா இருப்பா! முன்கேட்டு வழியாப் போய் எதிர்ல மறிங்க. இன்னும் பலகைப் பாலம் வரல. பாத்ததும் ஒக்கார வைங்க. சிரிச்சாலும் திட்டினாலும் விடாதீங்க!" என்று கட்டிலில் இருந்தே கத்தினான் ஒத்தையாள்.

ஓடினார்கள். அவன் தலையணையைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வாங்கினான். உள்ளங்கால் அதிர்ந்தது, பாலம். பிறகு அதிர்வு நின்றது. பாரம் இறங்கியது. தூக்கிவிட்டார்கள்.

நடந்ததைத் தம்பி பிறகு சொன்னான். குச்சி ஒன்றை வீசிக்கொண்டு, பாதம் பக்கவாட்டில் திரும்பியிருக்க, அக்கா பாலத்தில் ஜோராக வந்துகொண்டிருந்தாளாம். இவர்களைக் கண்டதும் முகம் வெளுத்து, "ஏன்டா ஓடி வர்றீங்க? அவருக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டாளாம். காலைப் பாருக்கா என்றதும், பார்த்து, தானே உட்கார்ந்துகொண்டாளாம்.

மாவுக்கட்டு அவளுக்குப் போட்டார்கள். வலி மாத்திரையை டாக்டர் அவனுக்கு எழுதிக்கொடுத்தார்; அந்த ஊரில் வெகுகாலம் இருந்தவர், விளக்கம் கேட்கவில்லை. அவள்தான் கெஞ்சினாள். "சமாதானமாப் போயிடலாம்யா. என் வலி எங்கிட்ட வரட்டும்." அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பொய்க்கோபம் செல்லாது என்பதால், தினமும் விடிந்ததும் அவள் மழையில் போனதை நினைத்து நிஜமாகவே கோபப்பட்டான். அவளும் விடவில்லை, முதலாளியை நாற்காலியோடு தூக்கிவந்த கதையை நடித்தே காட்டினாள். ஒருமுறை சிரித்துவிட்டான். "ஐயோ அம்மா!" என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "சொன்ன பேச்சு கேக்காத கழுதை!" என்று அடிவயிற்றிலிருந்து திட்டி வலியைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டான். கட்டுப் பிரிக்கும்வரை அந்த வீட்டில் சிரிப்பு கிடையாது.

எலும்பு கூடியது. மழையும் விட்டது. அடுத்து வந்த லீவு நாளில் அவள் செருப்பைத் தேடினாள். அது அவன் தலையணைக்கு அடியில் இருந்தது.

"குடுய்யா."

"மாட்டேன்."

நல்ல சண்டை. செருப்பைப் பிடுங்கிக்கொண்டு போனாள். மதியத்துக்கு முன்பே அவனுக்குப் பாதம் குளிர்ந்தது, பிறகு கணுக்காலுக்கு மேலும் குளிர்ந்தது. அந்த வருடம் ஓடையில் தண்ணீர் அதிகம்.