அரைத்தொட்டித் தண்ணீர்

அக்காவும் தம்பியும் வாய்ச்சண்டை போட்ட ஒவ்வொரு முறையும் அந்தக் குன்றின் சரிவு ஒரு டிகிரி கூடியது. முதல் தடவை அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, அப்பாவின் உயிலைப் படித்து முடித்த கையோடு. குன்றின் மேற்பாதியும், அதிலிருந்த நூற்று நாற்பது எலுமிச்சை மரங்களும், ஓர் அறை வீடும் அக்காவுக்கு. அடிவாரமும் பெரிய வீடும் தம்பிக்கு. கிணறும் சின்ன டிராக்டரும் இருவருக்கும் பொது. புருஷனை விட்டுட்டு வந்தவளுக்கு மலையுச்சி ஒரு கேடா என்று தம்பி கேட்டான். அக்காவும் சும்மா இருக்கிற ரகம் அல்ல, திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் அளக்க வந்த சர்வேயர் பழைய வரைபடத்தில் இருந்த பதினான்கை அடித்துவிட்டுப் பதினைந்து என்று எழுதினார். முணுமுணுப்புகள் கணக்கில் வரவில்லை, நேருக்கு நேர் நின்று கத்தினால் மட்டும்தான் சரிவு கூடியது. வருடத்துக்கு மூன்று, நான்கு என்று போய், மூன்றாம் வருடம் இருபத்தாறைத் தொட்டபோது, தன் படிவத்தில் அதற்கு மேல் எழுதக் கட்டம் இல்லை என்று சொல்லி சர்வேயர் வருவதை நிறுத்திக்கொண்டார். அதன்பின் ஊர்க் கொத்தனார்தான் ரசமட்டம் வைத்து அளந்து சொன்னார்.

மேலே அக்கா நாற்காலியின் இரண்டு கால்களை அறுத்துக்கொண்டாள். கட்டிலுக்கும் அப்படியே. அடுப்புக்கடியில் மரச்சில்லு வைத்தாள், சரிவு கூடும்போதெல்லாம் அதைத் தடிமனாக மாற்றினாள். தம்பியை அவள் வெறுத்தாள். அதில் ஒளிவுமறைவு இல்லை. காலையில் பல் துலக்கும்போதே அவன் ஓட்டுக்கூரை கீழே தெரியும், அந்தத் திசையில்தான் துப்புவாள். ஐம்பது வயதில் அவளுக்கென்று மிஞ்சியது அந்த மரங்கள் மட்டும்தான். அவை நின்றால் அவள் நிற்பாள், காய்ந்தால் அவள் போக வேண்டியதுதான், போக வேறு இடமும் இல்லை. இது தம்பிக்கும் நன்றாகத் தெரியும்.

டிராக்டர் திங்கள், புதன், வெள்ளி அவளுக்கு. செவ்வாய், வியாழன், சனி அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் கிடையாது, கொட்டகையில் பூட்டிக் கிடக்கும். சரிவு இருபதைத் தாண்டியதும் அவள் கடைத்தெரு மெக்கானிக்கிடம் போய் எப்படி ஏறுவது என்று கேட்டாள். அவர் எரிச்சல்காரர், வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். கனமான பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்து இருக்கணும், அதனால் பின்பக்கமாக ஏறு. இறங்கும்போது முன்பக்கமாக, கியரிலேயே இறங்கு. நேராகப் போ, குறுக்கே திருப்பாதே. கீழ் கியரில் போட்டால் உச்சி வரைக்கும் அதே கியர்தான். நடுவழியில் கிளட்ச்சை மிதித்தாயோ, சோலி முடிந்தது. தண்ணீர்த் தொட்டி முழுசாக நிரம்பியிருக்கணும், இல்லையென்றால் காலியாக இருக்கணும். நிறைகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க என்று கேட்டுவிட்டு, ஸ்பேனரை எடுத்துத் தரச் சொன்னார். அன்றுமுதல் அவள் இடது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தபடி பின்பக்கமாகவே ஏறினாள். இரண்டு வருடத்தில் கழுத்து அப்படியே நின்றுவிட்டது. கடைக்குப் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசினாள், திமிர் பிடித்தவள் என்று பேரும் வாங்கினாள்.

மெக்கானிக் சொன்னது ஊர் சுற்றித் தம்பியின் காதுக்கும் போனது. கிணற்று மோட்டாரின் சுவிட்ச் அவன் சமையலறையில் இருந்தது. அடுத்த திங்கட்கிழமையே அவன் தொட்டி பாதி நிரம்பியதும் சுவிட்சை அணைத்தான். கிணறு பொது என்றுதான் உயிலில் இருக்கிறது, எவ்வளவு என்று இல்லையே என்றான். அதற்கு ஒரு டிகிரி ஏறியது. அரைத்தொட்டித் தண்ணீர் சரிவில் அங்கும் இங்கும் மோதி வண்டியையே ஆட்டியது. ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சக்கரமாவது தரையை விட்டு எழும்பி இறங்கியது. அவள் தொட்டியை விட்டுவிட்டுச் சின்னக் கேன்கள் கொண்டுவந்தாள். அவன் சுவிட்சைப் போட்டும் அணைத்தும் ஒவ்வொரு கேனையும் பாதி பாதியாக நிரப்பினான். அவ்வளவு பொறுமை அவனிடம் வேறெந்தக் காரியத்திலும் இருந்ததில்லை என்று அவன் மனைவியே சொல்லியிருக்கிறாள்.

ஏழாம் வருடம் குன்று முப்பத்தெட்டு டிகிரியில் நின்றது. உச்சி முன்னைவிட அதிகம் எழும்பிவிட்டதால் தம்பி வீட்டில் பகல் இரண்டரைக்கே நிழல் விழுந்தது. துணி காயவில்லை, சுவரில் பூஞ்சை பூத்தது, பகலிலேயே விளக்கைப் போட வேண்டியிருந்தது. வாயை அடக்கினால் வெயில் வரும் என்று மனைவி சொன்னாள். அவனோ மரங்கள் போனால் அக்கா போய்விடுவாள், அக்கா போனால் குன்று தானாகப் படுத்துவிடும் என்று கணக்குப் போட்டான். ஒரு வியாழக்கிழமை காலை, தன்னுடைய முறை நாளில், டிராக்டரில் சங்கிலியையும் கடப்பாரையையும் போட்டுக்கொண்டு மரங்களைப் பிடுங்கக் கிளம்பினான். பின்பக்கமாக ஏறுவது பயந்தாங்கொள்ளிகள் வேலை என்று சொல்லி முன்பக்கமாகவே ஏறினான்.

முக்கால் தூரத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. பதறிப்போய் கிளட்ச்சையும் பிரேக்கையும் ஒன்றாக மிதித்தான். வண்டி நின்றது, முன்சக்கரங்கள் மட்டும் மூன்றடி உயரத்தில் தொங்கின. கிளட்ச்சை விட்டால் முன்கியர் பிடித்து வண்டி மல்லாந்து அவன் மேலேயே விழும். பிரேக்கை விட்டால் கிணறுவரைக்கும் உருளும். சத்தம் கேட்டு அக்கா இறங்கி வந்தாள். சங்கிலியைப் பார்த்தாள், கடப்பாரையைப் பார்த்தாள், எதற்கு வந்திருக்கிறான் என்று புரிந்துகொண்டாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நிமிடத்தை அவள் பின்னாளில் யாரிடமும் மறைக்கவில்லை. அவன் சாகட்டும் என்றுதான் நின்றிருந்தாள்.

"பாத்துக்கிட்டே நிக்கிறியா?" என்றான் அவன். இரண்டு கால்களையும் இன்னும் அழுத்தி மிதித்தான்.

"ஆமா" என்றாள்.

அப்புறம் மேட்டுப்பக்கமாகச் சுற்றி வந்து, பானெட்டைப் பிடித்து ஏறி அதன் நுனியில் உட்கார்ந்தாள். நாற்பத்தேழு கிலோதான் இருந்தாள், சக்கரம் அசையவில்லை. உன்னக் காப்பாத்த ஒண்ணும் வரல, டிராக்டர்ல பாதி என்னோடது என்றாள். பிறகு, அவ்வளவு அருகில் ஏழு வருடமாகப் பார்க்காத அந்த முகத்தைப் பார்த்து, மனதில் இருந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். கத்தவில்லை. ஒரு தகரப்பெட்டியோடு திரும்பி வந்தவளை இரண்டு மாதம் உர மூட்டைகளுக்கு நடுவில் படுக்க வைத்ததைச் சொன்னாள், முன்சக்கரங்கள் ஒரு சாண் இறங்கின. அதற்கும் முன்னால், அவள் புருஷன் வீட்டில் இருந்தபோது, அப்பா சாகக் கிடந்த பத்து நாளும் சொல்லி அனுப்பாமல், எடுத்த பிறகு தகவல் சொன்னதைச் சொன்னாள், ஒரு முழம் இறங்கின. அரைத்தொட்டிகளைச் சொன்னாள், ஒவ்வொரு பயணத்திலும் செத்துப் பிழைத்ததைச் சொன்னாள். தரைக்கு இன்னும் நாலு விரற்கடை பாக்கி இருந்தபோது அவளிடம் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

தம்பி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பத்து நாளும் பீ மூத்திரம் அள்ளுனவன் நான். கடைசி வரைக்கும் உன் பேரைத்தான் சொன்னாரு. ஒரு தடவகூட என்னக் கூப்பிடல."

சக்கரங்கள் தரையில் உட்கார்ந்தன.

அதுக்கு நான் என்ன பண்ண முடியும் என்றாள் அக்கா. பின்பு பானெட்டை விட்டு இறங்காமலே, நிதானமாகச் சொன்னாள்: "ரிவர்ஸ்ல போடு. கிளட்ச்சை மெதுவா விடு. கியர் பிடிச்சதும் பிரேக்கை விடு. திரும்பக் கிளட்ச்சை மிதிச்சே, ரெண்டு பேரும் போய்ச் சேந்துடுவோம்." அவன் சொன்னபடி செய்தான். வண்டி நேர்கோட்டில், நடக்கிற வேகத்தில், அடிவாரம் வரைக்கும் பின்பக்கமாக இறங்கியது. அவள் குதித்து இறங்கி, கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே மேலே போனாள். அத்தனை பேச்சுக்கும் அன்று குன்று ஏறவில்லை என்று கொத்தனார் அளந்து சொன்னார். அந்தப் பேச்சின் முழு எடையும் பானெட்டிலேயே இறங்கிவிட்டது, மண்ணுக்கு என்ன மிஞ்சும் என்றார் மெக்கானிக். அதில் அவருக்கு வியப்பாக எதுவும் படவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்கா தொட்டியைக் குழாயடியில் வைத்துவிட்டு, பாதியில் நிற்கும் என்று கையில் மூடியோடு காத்திருந்தாள். பாதி தாண்டியது. முக்கால் ஆனது. தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்து வழிந்து அவள் காலை நனைத்த பிறகுதான் மோட்டார் நின்றது. தம்பி வாசலுக்கு வந்தான். வீட்டை இருட்டாக்குற மூதேவி, உன் மரமும் நீயும் நாசமாத்தான் போவீங்க என்று தெருவே கேட்கக் கத்தினான். நாசமாப் போறதுக்கு முன்னால உன் மோட்டார் வாஷர மாத்து, ஒழுகுது என்று அவளும் கத்தினாள். குன்று முப்பத்தொன்பது ஆனது. அவள் மூடியைத் திருகி, கீழ் கியரில் போட்டு, இடது தோளுக்கு மேலாகப் பார்த்தபடி பின்பக்கமாக ஏறினாள். உச்சி வரைக்கும் தொட்டியில் ஒரு சத்தம் இல்லை.