மூத்தவாப்பாவின் சம்மதம்

என் வாப்பாவின் தம்பி இத்ரூஸ் சாச்சாவைப் போல இன்னொருவரை அல்லாஹ் படைக்கவே வேண்டாம். மாத்தளையில் அவருக்கு மூன்று மகன்மாரும் மருமகள்மாரும் நிறைந்த வீடு. அங்கிருந்து எங்கள் உக்குவளைக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் பெருநாளைக்குப் பெருநாள்தான் வருவார். தன் வாப்பாவின் தலையைத் தடவி, "நல்லாப் பாத்துக்கங்க மகள்" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போவார். பார்க்கிறது யார்? நான்.

என் வாப்பாவும் உம்மாவும் நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டார்கள். என்னை வளர்த்தது வாப்பாவின் வாப்பா, என் மூத்தவாப்பா. அந்த நன்றி எனக்கு இல்லாமல் இல்லை. ஆனால் நான்கு வருடமாக அவர் படுத்தும் பாடு இருக்கிறதே! லுஹர் தொழுது முடித்த கையோடு, "இன்னும் தொழல்லயே" என்று மறுபடி தக்பீர் கட்டுவார். தொப்பியை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்துவிட்டு, நான் களவெடுத்தேன் என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார். குளிப்பாட்டப் போனால் நுள்ளுவார். போன மாதம் என் முகத்தைப் பார்த்து, "நீ ஆரு? என்ட வூட்டுல என்ன செய்றா?" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "ஒங்கட சம்பளமில்லாத வேலக்காரி" என்று நானும் கத்தினேன்.

தம்புள்ளையில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கும் பாறூக் என்னைப் பெண் கேட்டு ஒரு வருடம் ஆகிறது. மூத்தவாப்பாவையும் கூட்டிக்கொண்டு வரத்தான் சொல்லி அனுப்பினார், பாவம். ஒருநாள் பஸ்ஸில் ஏற்றிப் பார்ப்போமென்று கூட்டிப் போனேன். கிழவர் நடுரோட்டில் உட்கார்ந்து, "என்னக் கடத்துறாள்!" என்று ஊரைக் கூட்டிவிட்டார். பாறூக்கின் உம்மாவோ, நோன்புக்கு முன் நிக்காஹ் முடியாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். நோன்புக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

நிக்காஹ் நடக்க வலீ வேண்டும். பெண்ணைக் கொடுக்கிறேன் என்று சொல்ல உரிமையுள்ள ஆண் அவர். வாப்பா இல்லாத எனக்கு மூத்தவாப்பாதான் வலீ. அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஆனால், கூடப்பிறந்தவனும் இல்லாத எனக்கு அடுத்த வலீ சாச்சா. இது சாச்சாவுக்கு நன்றாகத் தெரியும்.

"வாப்பாக்குப் புத்தி சரியில்ல, இனி நான்தான் வலீ. அவர் மௌத்தாகுற வரைக்கும் கலியாணப் பேச்சே வேணாம். நீ போனா அவர ஆரு பாக்குறது?" என்று மூஞ்சிக்கு நேரே சொன்னார்.

"நீங்க பாருங்க. நீங்கதானே மகன்?"

"வாய் நீளுது" என்றார்.

பள்ளிவாசல் லெப்பை ஸஹாப்தீனிடம் போய் முறையிட்டேன். நியாயமான மனிதர். "நான் வந்து பேசிப் பாக்கிறன். புத்தியோட பதில் சொன்னா அவர்தான் வலீ" என்று தீர்த்துச் சொன்னார்.

பத்து நாள் பாடம் நடத்தினேன். "நான் ஆரு?" "றஹீமா." "ஆர்ட மகள்?" "ஜவாஹிர்ட மகள்." "லுஹருக்கு எத்தின ரக்அத்து?" "நாலு." "பாறூக்குக்குக் கட்டிக் குடுக்க சம்மதமா?" "சம்மதம்." பிழை விட்டால் தேத்தண்ணிக்குச் சீனி கிடையாது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் செய்தேன். கட்டினால் தம்புள்ளைக்குப் போய்விடுவேன் என்பதை மட்டும் ஒருநாளும் வாய் திறந்து சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து லெப்பையும் சாச்சாவும் வந்தார்கள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். கிழவர் ஒன்றுகூடத் தவறவில்லை. என் பெயர், என் வாப்பாவின் பெயர், ரக்அத்து எல்லாம் சரி. சாச்சாவின் முகம் செத்துப் போயிற்று. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

"மாஷா அல்லாஹ், புத்தி தெளிவாத்தான் ஈக்குது" என்றார் லெப்பை. "இப்ப றஹீமாவ பாறூக்குக்கு முடிச்சுக் குடுக்கப் போறம். அவ தம்புள்ளைக்குப் போயிருவா. சம்மதமா?"

மூத்தவாப்பா நிமிர்ந்து பார்த்தார். "போறதா? இவ போனா என்ன ஆரு பாக்குறது? ஏலாது. நான் குடுக்க மாட்டன்."

சாச்சா விழுந்து விழுந்து சிரித்தார். "இப்ப என்ன சொல்றீங்க மகள்? புத்தியோடதானே சொன்னாரு!"

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். "லெப்பை, வலீ ஞாயமான காரணமில்லாம மறுத்தா காதி கோட்டுக்குக் காதியார்ட்டப் போகலாமா?"

"போகலாம். வலீக்குப் பதிலா அவரே முடிச்சு வெப்பார்."

"அப்ப மனு எழுதித் தாங்க. இவருக்கு எதிரா."

"ஒன்ன வளத்த மனுசனுக்கு எதிராவா? வெக்கங்கெட்டவளே!" என்று சாச்சா எழும்பினார்.

மூத்தவாப்பா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் எல்லாம் மறந்து போயிருந்தது. "இந்தப் புள்ள ஏன் அழுவுது?" என்றார். நான் அழுகிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இவட கலியாணத்த ஒருத்தர் தடுக்கிறார்" என்றார் லெப்பை மெதுவாக.

"ஆரு அவன்?"

"அப்துல் ஸமத்" என்றேன். அது மூத்தவாப்பாவின் சொந்தப் பெயர்.

மூத்தவாப்பா உதட்டைப் பிதுக்கினார். "அப்பிடி ஒருத்தன எனக்குத் தெரியாது. கொமருப் புள்ளய கட்டிக் குடுக்காம வூட்டுலயே வெச்சிக்கப் பாக்கிறானே, அல்லாட பயமில்லாதவன்! வுட்டுடாதீங்க லெப்பை, எழுதுங்க."

லெப்பை என் முகத்தைப் பார்த்தார்.

"எழுதுங்க" என்று நானும் சொன்னேன்.