சேத்தியாத்தோப்பு வழியாகப் போன ஜாடிகள்

விருத்தாசலம் ஜங்ஷனில் முப்பது வருடம் மைக்கில் ரயில் அறிவித்தவன் நான். என் குரலைக் கேட்டால் தாமதமாக வரும் ரயில்கூட வெட்கப்பட்டு வேகமெடுக்கும். ஓய்வு பெற்றதும் அந்தக் குரலைச் சும்மா போட்டு வைக்க முடியுமா? பக்கத்து வீட்டுத் துர்காவுக்குப் பேச்சு எழுதித் தர நானாகவே போய் உட்கார்ந்தேன்.

துர்கா சின்னச் சூளை ஒன்றில் ஊறுகாய் ஜாடி செய்கிறாள். சிதம்பரத்தில் ஓர் ஊறுகாய் கம்பெனி, ஜாடி வாங்குவதற்காக நாலைந்து பேரை அழைத்திருந்தது. ஆளுக்குப் பத்து நிமிடம் பேசலாம். ஆர்டர் கிடைத்தால் மஸ்கட்டில் இருக்கும் அவள் புருஷன் திலீபன் ஊரோடு வந்துவிடலாம். கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு வருடம் அங்கேதான். அவர்கள் மகளுக்கு அப்பா என்றால் செல்போன்தான்.

என் பேச்சு ஹரப்பாவில் தொடங்கி சோழர்கள் வழியாக நம் ஊர்க் களிமண்ணுக்கு வந்தது. படித்துக் காட்டியபோது என் மனைவி செல்வநாயகி தூங்கி எழுந்து, சோறு வடித்து, மறுபடியும் தூங்கினாள். துர்கா மட்டும் முழுசாகக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்குது பெரியப்பா. ஆனா அவங்க எதுக்கு பயப்படறாங்க?"

கேட்கிறவர்களுக்குப் பயம் இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. அவளே சொன்னாள்: வழியில் ஜாடி உடைந்துவிடுமோ என்பதுதான் அவர்களுக்குப் பயம். அதை மட்டும் பேசினால் போதும். சோழர்கள் அன்றே கிளம்பிப் போனார்கள்.

பேச வேண்டிய நாள் காலை ஒரு டஜன் ஜாடிகளை வைக்கோல் வைத்து அட்டைப்பெட்டியில் அடைத்து ஒட்டினாள். வாடகைக் கார் பிடிக்கவில்லை. குண்டும் குழியுமான சேத்தியாத்தோப்பு ரோடு வழியாகப் போகும் பஸ்ஸில், கடைசி சீட்டுக்கு அடியில் பெட்டியைத் தள்ளினாள். அந்தப் பாதையில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவன் நான். ஒரு பள்ளத்தில் தூக்கிப் போட்டதில், மேலிருந்து வெள்ளாற்றையும் கடலையும் ஒருசேரப் பார்த்தேன்.

சிதம்பரத்தில் இறங்கியதும் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று கெஞ்சினேன்.

"வேணாம் பெரியப்பா. பாத்துட்டா என் மொகம் காட்டிக் குடுத்துடும்."

எல்லாம் உடைந்திருந்தால் என்ன பேசுவாய் என்று கேட்டேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

கம்பெனியில் எங்களுக்கு முன்னால் பேசிய கண்ணாடி பாட்டில்காரர் திரையில் படம் ஓட்டினார். அதில் பாட்டில் மேகத்துக்குள் மிதந்தது. துர்கா இரண்டு பஸ் டிக்கெட்டை மேசைமேல் வைத்தாள். பெட்டி எந்த ரோட்டில், எந்த சீட்டுக்கு அடியில் வந்தது என்று சொன்னாள். தானும் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை என்றாள். கொள்முதல் பார்க்கும் கனிமொழி மேடத்திடம் கத்தியைக் கொடுத்தாள்.

அந்த அறையில் மின்விசிறிகூட மூச்சைப் பிடித்துக்கொண்டது. மேடம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வெள்ளையும் பழுப்புமாக ஜாடிகள் நின்றன. கடைசி ஜாடி இரண்டு துண்டாக வந்தது. என் உயிர் பாதி போய்விட்டது.

துர்கா அந்தத் துண்டுகளை வாங்கி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள்.

"ஒண்ணு போச்சுங்க. நான் டஜனுக்கு பதிமூணு அனுப்பறேன். பன்னெண்டுக்கு காசு குடுங்க."

மேடம் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு நான் கேட்டதையே கேட்டார்.

"எல்லாமே ஒடைஞ்சிருந்தா என்னம்மா பண்ணியிருப்பீங்க?"

"கும்பிட்டுட்டு பஸ்ஸேறியிருப்பேங்க. அப்பிடிப்பட்ட ஜாடிய உங்ககிட்ட விக்கறது தப்பு."

அவ்வளவுதான் பேச்சு. பத்து நிமிடத்தில் பாதிகூட ஆகவில்லை. இவ்வளவு தைரியத்தை இந்தப் பெண் எங்கே வைத்திருந்தாள்?

மேடம் பக்கத்தில் இருந்தவரிடம் தலையசைத்தார். முதல் லோடு தைக்குள் வேண்டும் என்றார். துர்கா வெளியே வந்து மஸ்கட்டுக்குப் போன் போட்டாள். அழுவாள் என்று கைக்குட்டையை எடுத்தேன்.

"டிக்கெட்டு போட்டுடுங்க" என்றாள். அப்புறம் கைக்குட்டை எனக்குத்தான் தேவைப்பட்டது.

ஊர் திரும்பியதும் டீக்கடையில் கதையைத் தொடங்கினேன். பெட்டி பஸ் கூரையிலிருந்து விழுந்தது. மறுநாள் சொன்னபோது அதன்மேல் லாரி ஏறியது. அதற்கடுத்த நாள் கோயில் யானை மிதித்தது. டீ வாங்க வந்த துர்கா சிரித்துக்கொண்டே நின்று கேட்டாள்.

"என்னா வேணா சொல்லுங்க பெரியப்பா. ஒடைஞ்ச ஒண்ண மட்டும் மறைச்சிடாதீங்க."

மறைப்பேனா? இப்போது யானைகள் மூன்றாகிவிட்டன. உடைந்த ஜாடி இன்னும் ஒன்றுதான்.