நறநறத்த ஏழாம் மண்

வண்டல் பாறை ஆராய்ச்சிக்காரர்களுக்கு மண்ணை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. வழுக்கினால் களிமண், நறநறத்தால் மணல். செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒனலேன்னா சும்மா இருக்கமாட்டாமல் ஏழாம் எண் புட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கடித்தாள். சனியன், நறநறத்தது. வழுக்கியிருக்க வேண்டும்.

கன்யே குன்றில் அவளே தோண்டியெடுத்த சுத்தமான மாங்கனீசுக் களிமண் அது. மற்ற ஆறு மண்ணும் இருநூறு டிகிரிக்குக் காய்ந்தால்தான் வண்டிப் புகையின் விஷவாயுவை எரிக்கும். ஏழாவது எழுபதிலேயே எரித்துத் தள்ளியது. அதை வைத்துக் கட்டுரை வந்தது. கட்டுரையை வைத்து விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல் வந்தது, வருகிற திங்கட்கிழமை.

அவள் நேரே மொத்துசியிடம் போனாள். அவன் பக்கத்து மேசையில் அதே விஷவாயுவை எரிக்க கோபால்ட் ஆக்சைடு வினையூக்கி செய்கிறவன். அரைக்கும் குடுவை இருவருக்கும் பொது. அரைத்து முடித்தவர் வெறும் மணலைப் போட்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் போவார். அடுத்து வருகிறவர் அந்த மணலைக் கொட்டிவிட்டுத் தன் மண்ணைப் போட வேண்டும். கழுவுவது என்றால் அங்கே இதுதான். ஏழாம் மண்ணுக்கு முன்னால் குடுவையில் என்ன அரைத்தான் என்று கேட்டாள்.

"கோபால்ட் ஆக்சைடு அரைச்சுட்டு மணல் போட்டு ஓட்டினேனே. நீ கொட்டினியா இல்லையா?" என்றான்.

ஏழாம் மண்ணை அவள் அரைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஊர் பஸ் நாலு மணிக்கு. அவள் குடுவைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மொத்துசி நல்லவன். தான் யாரிடமும் வாய் திறக்கப் போவதில்லை, நேர்காணல் முடியட்டும் என்றான். அவள் கேட்கவில்லை. அவனுடைய கோபால்டை மறுபடி அரைக்கச் சொல்லி, ஓட்டின மணலை மட்டும் உலையில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுக்கும் உதவாத ஆற்றுமணல் எழுபது டிகிரியில் விஷவாயுவை ஜோராக எரித்தது. எரித்தது களிமண் இல்லை, மணலில் ஒட்டிய கோபால்ட்.

பேராசிரியர் கௌலாதே தேநீரோடு எண்ணெயில் பொரித்த மக்வின்யா உருண்டை தின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். எண்ணெய் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"யாராவது கண்டுபிடிப்பாங்களா?"

"நான் கண்டுபிடிச்சுட்டேனே, மேடம்."

அந்தம்மா தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். "சரி. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறோம்னு லெட்டர் எழுது. கட்டுரையில என் பேரு முதல்ல இருந்துச்சு. இதுல உன் பேரு முதல்ல இருக்கட்டும்."

எழுதினாள். நேர்காணல் குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். வியாழக்கிழமை அவர்கள் நன்றி சொல்லி, திங்கட்கிழமை வர வேண்டாம் என்று பதில் போட்டார்கள். கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அடுத்த மாதம் கடிதம் அச்சில் வந்தது. ஆராய்ச்சியில் இறங்கிய ஒன்பது வருஷத்தில் அவள் பெயர் முதலில் வந்தது அது ஒன்றில்தான்.