மருந்து குடித்தவள்

எங்கள் அடையாறு ஆஸ்பத்திரியில், ரெக்கார்டு ரூம் பியாட்ரிஸ் அக்காவுக்குப் பயப்படாத டாக்டர் கிடையாது. சாந்தோம் வாத்தியார் வீட்டுப் பெண். அவளிடம் வேலை பார்க்கும் எனக்கும் பயம்தான், வெளியே சொல்வதில்லை.

அன்று சைதாப்பேட்டை ஜானகி டிஸ்சார்ஜ் தாளோடு வந்து நின்றாள். குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. இந்தத் தாளைக் காட்டினால்தான் மறுபடி வேலைக்குச் சேர்ப்பார்களாம். அதில் 'விஷம் குடித்தவர், தற்கொலை முயற்சி' என்று எழுதி, டாக்டர் கையெழுத்தும் போட்டிருந்தார்.

"இருமலுக்கு மருந்து குடிச்சேன்க்கா. ஒரே காலைல மூணு தபா. மயக்கமா பூடுச்சு. எங்க வூட்டுக்காரரு பதட்டத்துல, 'மருந்து குடிச்சிட்டா சார்'னு சொல்லிக்கீறாரு. அதுக்கு இப்டியா எழுதுவாங்க? சாவ நெனக்கிறவகிட்ட எவன் புள்ளைய வுடுவான்?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒயிட்னரை எடுத்தேன். அக்கா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"நீ அழிச்சா, நாளைக்கு இவதான் அழிச்சான்னு சொல்வாங்க. எழுதினவரே திருத்தணும்."

எழுதியவர் டாக்டர் அறிவு, ஈரோட்டுப் பக்கம். வார்டிலேயே பிடித்தோம்.

"கையெழுத்துப் போட்டாச்சுங்க. இனி எப்படிங்க மாத்தறது?"

"உங்க ஊர்ல இருமல் வந்தா என்ன குடிப்பீங்க டாக்டர்?" என்றாள் அக்கா.

"டானிக்குங்க."

"மருந்து குடிச்சிட்டான்னு சொன்னா?"

"அது பூச்சிமரு..." பாதியில் நிறுத்திவிட்டார்.

"எங்க ஜனங்க இருமலுக்கும் மருந்துதான் குடிப்பாங்க டாக்டர்."

அவர் பரிசோதனை முடிவுகளை இன்னொரு முறை பார்த்தார். விஷத்தின் அடையாளமே இல்லை. பேனாவை எடுத்தார். பழைய வரி படிக்கிற மாதிரியே ஒற்றைக் கோடு போடச் சொன்னாள் அக்கா. பக்கத்தில் சரியான விவரம், திருத்திய காரணம், தேதி, மணி, புதுக் கையெழுத்து. ஆஸ்பத்திரிப் பிரதியிலும் அப்படியே. நாலு எழுத்து படித்தவனெல்லாம் வாயை மூடிக்கொள்ளும் இடத்தில் இவள் கேட்டாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜானகிக்கு மட்டும் திருப்தியில்லை. "அடிச்சது தெரியுதே, சார்."

"தெரியட்டுங்க. தப்பு என்னோடதுன்னு எழுதியிருக்கேன். யார் கேட்டாலும் என்கிட்டப் பேசச் சொல்லுங்க."

அடுத்த வாரம் ஜானகி போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். என்ன சொன்னாள் என்றே காதில் விழவில்லை. பின்னால் குழந்தைகள் அப்படி ஒரு கத்தல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "போனை வைம்மா, புள்ளைங்களப் பாரு" என்றாள்.