சுவரைப் பற்றி அப்புறம் பேசலாம்

“எனக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான் பார்கவி. நம்ம வீட்ல நாம ரெண்டு பேர் மட்டும்.”

“உங்க அப்பா அம்மாகூட வரக்கூடாதுங்களா?”

“வரட்டும், பத்து நாள். உங்க அப்பா அம்மா வந்தாலும் பத்து நாள். ரெண்டு பக்கமும் ஒரே சட்டம்.”

“சரிங்க. லாட்ஜ் மேனேஜரைக் கட்டிக்கப் போறேன்னு எங்க வீட்ல சொல்லிடறேன்.”

கல்யாணத்துக்கு முன்பு, புனே கேம்ப் பகுதியில் ஒரு பேக்கரி மேசையில் நடந்த பேச்சு அது. கோகுல்நாத் சிரிக்கச் சிரிக்க, அவள் சம்மதம் சொல்லிவிட்டு அவன் தட்டிலிருந்த பிஸ்கட்டையும் எடுத்துத் தின்றாள். மாம்பலத்தில் பெரியப்பா, சித்தப்பா குடும்பங்களோடு ஒரே வீட்டில் நெருக்கியடித்து வளர்ந்தவன் அவன். பரீட்சைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து படித்தவன். அவன் கேட்டதில் தப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அப்போது அவளுடைய அப்பா உயிரோடு இருந்தார்.

போன வருடம் அப்பா போய்விட்டார். கோயம்புத்தூரில் வடவள்ளி வீட்டில் அம்மா சாந்தகுமாரி தனியாக இருக்கிறாள். பார்கவி எப்போது போன் செய்தாலும் பின்னால் டிவி அலறும். “சத்தத்தைக் குறைங்கம்மா” என்றால், “இருக்கட்டும் சாமி, வீட்ல யாரோ பேசிட்டு இருக்கறாப்ல இருக்குது” என்பாள். வந்து உன்னோடு இருக்கட்டுமா என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. அம்மாவைக் கூட்டி வரலாமா என்று பார்கவியும் கோகுலிடம் கேட்டதில்லை.

வானவடியில் இந்தப் பழைய ஃபிளாட்டை வாங்கியதும், சமையலறைக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறையைப் பார்த்தவுடன், கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று அவள் மனசுக்குள் தீர்மானித்துவிட்டாள். கிழக்கு ஜன்னல் ஓரம். அம்மாவுக்கு விடியற்காலையில் வெளிச்சம் வேண்டும்.

கோகுல் அதே அறையின் சுவரைத் தட்டிப் பார்த்து, “இதை எடுத்துட்டா ஹால் எவ்ளோ பெருசாயிடும் பாரு!” என்றான்.

அவள் “ம்” என்றாள். கான்ட்ராக்டர் முடிவாகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். முதலில் வந்தவள் வைஷாலி, சிவில் இன்ஜினியர். கட்டடத்தின் வரைபடம் இருக்கிறதா, குடியிருப்போர் சொசைட்டியில் அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டாள். கட்டடத்தின் பலத்தைச் சோதிக்கிற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்க்காமல் அந்தச் சுவரில் ஆணிகூட அடிக்க மாட்டேன் என்றாள். வானவடியிலேயே தான் செய்து முடித்த மூன்று வீடுகளைச் சொல்லி, “நான் இல்லாதப்போ போய் அவங்ககிட்ட விசாரிங்க” என்றாள்.

“நாம அவங்களை இன்டர்வியூ எடுக்கறோமா, அவங்க நம்மளையா?” என்று அவள் போனபிறகு கோகுல் அலுத்துக்கொண்டான்.

அடுத்து வந்தவன் அபினவ். கைபேசியில் பளபளவென்று படங்கள் காட்டினான். எல்லாவற்றுக்கும் “ஹோ ஜாயேகா சார்” என்றான். ஆகிவிடும், ஆகிவிடும். கோகுல் அவனையே முடிவு செய்தான். அந்த மூன்று வீடுகளில் ஒன்றுக்காவது போய்வரலாம் என்று பார்கவிக்குத் தோன்றியது. ஆனால் வைஷாலியின் பெயரை எடுத்தால் பேச்சு சுவருக்கு வரும். சுவருக்கு வந்தால் அம்மாவுக்கு வரும். வாயை மூடிக்கொண்டாள்.

பாத்ரூம் வேலை முதலில் என்று ஏற்பாடு. வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் அவள் ஃபாத்திமாநகர் சிக்னலில் ஸ்கூட்டியோடு நிற்கும்போது அபினவ் கூப்பிட்டான். நாளை ஆட்கள் வருகிறார்கள், சுவரை என்ன செய்வது என்று இந்தியில் கேட்டான். சுற்றிலும் ஹாரன். அவள் பதற்றத்தோடு, “தீவார்... தோடா பாத் மே பாத் கரேங்கே” என்றாள். சுவரா, அதைக் கொஞ்சம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

“டீக் ஹை மேடம்!” என்றான் அவன், சந்தோஷமாக.

மறுநாள் காலை ஆட்கள் வந்தார்கள். கோகுல் ரஞ்சன்காவ் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போயாகிவிட்டது. பார்கவி படுக்கையறைக் கதவைச் சாத்தி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்தாள். தடதடவென்று மேசை அதிர்ந்தது. பாத்ரூம் டைல்ஸ் உடைக்கிறார்கள் என்று நினைத்தாள்.

தண்ணீர் குடிக்க வெளியே வந்தவள் அப்படியே நின்றாள். சின்ன அறையின் சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன் வழியே கிழக்கு ஜன்னல் தெரிந்தது. ஓட்டையின் மேல் மூலையிலிருந்து மெல்லிய விரிசல் ஒன்று கூரையை நோக்கி ஓடியிருந்தது.

“ருக்கோ! ருக்கோ!” என்று கத்தினாள். சம்மட்டிகள் நின்றன. அதற்குள் கீழ்வீட்டுப் பெண்மணி மேலே வந்து, தன் வீட்டுக் கூரையிலிருந்து தூசி கொட்டுகிறது என்று மராத்தியில் சத்தம் போட்டாள். பார்கவிக்குப் பாதி புரியவில்லை. கட்டடம் என்ற சொல் மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அபினவுக்குப் போன் போட்டாள். அவன் பதறவே இல்லை. “நீங்கதானே மேடம் சொன்னீங்க? தீவார் தோடோ, பாத் மே பாத் கரேங்கே.”

சுவரை உடை, அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இந்தியில் ‘கொஞ்சம்’ என்பதற்கு முதல் எழுத்தில் மூச்சு சேரவேண்டும். சேராவிட்டால் அது ‘உடை’யின் பக்கம் போய்விடும். தமிழ் பேசிப் பழகிய வாயில் இரண்டும் ஒரே ‘தோ’தான்.

ஆட்களை அனுப்பிவிட்டு வைஷாலியைக் கூப்பிட்டாள். சாயங்காலம் வருவதாகவும், அதுவரை அந்தப் பக்கம் யாரும் நிற்கவேண்டாம் என்றும் வைஷாலி சொன்னாள். பகல் முழுக்க பார்கவி ஹாலின் மறுகோடியில் உட்கார்ந்து விரிசலையே பார்த்தாள். நீளுகிறதா? இல்லை. ஒருவேளை நீண்டிருக்குமோ? அம்மாவின் போன் வந்தது. அவள் எடுக்கவில்லை.

கோகுல் வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் ஓட்டையைப் பார்த்தான். முதலில் அவளைத்தான் தொட்டுப் பார்த்தான். “உனக்கு ஒண்ணும் ஆகலல்ல?” அப்புறம் நடந்ததைக் கேட்டான். “நாலு வருஷமா புனேல இருக்க. உன் இந்தி மட்டும் இன்னும் உக்கடம் பஸ் ஸ்டாண்டுலயே நிக்குது.”

சாதாரண நாளாக இருந்தால் பதிலுக்கு அவனுடைய மராத்தியை அவள் கிழித்திருப்பாள். இன்று வைஷாலி வரப்போவதை மட்டும் சொன்னாள்.

வைஷாலி இரண்டு ஆட்களோடு வந்தாள். டார்ச் அடித்து விரிசலை நெடுநேரம் பார்த்தாள். ஆட்கள் இரும்பு முட்டுகளைக் கூரைக்கும் தரைக்கும் இடையே நிறுத்தி இறுக்கினார்கள். வைஷாலி கீழ்வீட்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இவர்களுக்குப் புரியும்படி நிதானமான இந்தியில் பேசினாள்.

“கூரையைத் தாங்கற பீம்ல அடி படலைன்னுதான் நினைக்கிறேன். ஆனா என் நினைப்பை நம்பி நீங்க இருக்க வேண்டாம். காலையில ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிட்டு வரேன்.”

“தப்பு என்னோடதுதான். நான் சரியாச் சொல்லலை” என்றாள் பார்கவி.

“ஒரு போன் பேச்சை வச்சுக்கிட்டு யாரும் சுவரை உடைக்கமாட்டாங்க. எழுதி வாங்குவாங்க, இல்லன்னா நேர்ல வந்து நிப்பாங்க. அது உங்க தப்பு இல்லை.”

கோகுல் தலையைத் தடவிக்கொண்டான். “அன்னைக்கே உங்களுக்குக் குடுத்திருக்கணும் மேடம். நான்தான் அவசரப்பட்டுட்டேன். இனிமே நீங்களே பாருங்க.”

“சரி. இன்ஜினியர்கிட்ட என்ன கேக்கணும்னு சொல்லுங்க. இந்தச் சுவரைத் திரும்ப எழுப்பவா, இல்ல முட்டுக் குடுத்து முழுசா எடுக்கவா?”

“எடுத்துடலாம்” என்றான் கோகுல். “பாதி போயாச்சு. என்ன பார்கவி?”

அவள் அவனைப் பார்த்தாள். புழுதி படிந்த அவனுடைய புருவம், பஸ்ஸில் தூங்கிக் கசங்கிய சட்டைக் காலர். நல்லவன். இப்போதும் “ம்” என்று சொல்லிவிட்டால் அவன் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பான். காலையில் மிச்சச் சுவரும் போய்விடும். அதற்குப் பிறகு கேட்பதற்கு ஓர் அறைகூட இருக்காது.

“வேண்டாங்க” என்றாள்.

“எது?”

“எடுக்க வேண்டாம்.” குரல் உடைந்தது. வைஷாலி டார்ச்சை அணைத்துவிட்டு, கீழ்வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவதாக வெளியே போனாள்.

“என்னாச்சு? ஏன் அழற? சுவருக்காகவா?”

“இல்லீங்க. கோகுல்... நீங்க கோவிச்சாலும் பரவாயில்ல, சொல்லிடறேன். அம்மாவை இங்க கூட்டிட்டு வரணும். இந்த ரூம்ல, நம்மகூட. பத்து நாளைக்கு இல்லீங்க. அவங்க இருக்கற வரைக்கும்.”